சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே எழுத்தில் ஒரு விதி வேண்டும்: இயங்கலைச் சதுரங்கப் போட்டி ஏற்பாட்டாளர்களுக்குத் திறந்த மடல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக இயங்கலையில் சதுரங்கப் போட்டிகளை நடத்திவரும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அப்போட்டிகளில் நடுவர் பொறுப்பை ஏற்றுவரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் பிள்ளைகளின் சதுரங்கமும் அதோடு நின்றுபோயிருக்கும். அப்படி நின்றுவிடாமல், ஊதியம் எதுவும் எதிர்பாராமல், இரவு பத்து மணிக்கும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் எழுதி, சதுரங்க இணையத்தளங்களில் கணக்குத் தொடங்குவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துப் போட்டிகளை நடத்தியவர்கள் நீங்கள். அந்த உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் நான். செந்தூல் வட்டாரத்தில் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் சதுரங்கம் கற்றுத்தருகிறேன். என்னிடம் பயிலும் பிள்ளைகள் உங்கள் போட்டிகளில் ஆடியவர்கள், இனியும் ஆட விரும்புகிறவர்கள். அந்த உரிமையில்தான் இம்மடலை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றே. ஒரு பிள்ளை கணினியின் உதவியோடு ஆடியது என்று முடிவு செய்யும் வழிமுறை, முதல் சுற்று தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். எது சான்று, அதை ஆராய்பவர் யார், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை எப்போது, யார் துணையோடு தன் பக்கத்தைச் சொல்லலாம், முடிவில் உடன்பாடு இல்லையென்றால் யாரிடம் முறையிடலாம் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். இன்று பெரும்பாலான போட்டி அறிவிப்புகளில் நாம் காண்பது இரண்டே வரிகள்: ஏமாற்றுவோர் நீக்கப்படுவர், ஏற்பாட்டுக் குழுவின் முடிவே இறுதியானது. பெரியவர்கள் தங்களுக்குள் ஆடும் நட்புப் போட்டிக்கு அந்த இரண்டு வரிகள் போதுமானவையாக இருக்கலாம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளின் பெயரும் மானமும் அடங்கிய போட்டிக்கு அவை போதா.

ஏமாற்று நடக்கவில்லை என்று வாதிட நான் வரவில்லை, அது நடக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கச் செயலியை எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். சாதாரணத் திறன்பேசியில் ஓடினாலே போதும், அது உலகின் எந்த மனித ஆட்டக்காரரையும் வென்றுவிடும். ஆட்டத் திறனை அளக்கும் தரப்புள்ளிகளில் மனிதர் எட்டிய ஆக உயர்ந்தது 2014இல் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன் தொட்ட 2882, செயலிகள் அந்த உயரத்தை எப்போதோ கடந்துவிட்டன. 2021 ஜூனில் கோவிட் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பல பிரமுகர்களோடு இயங்கலையில் ஒரே நேரத்தில் ஆடியபோது, அவரை வென்ற தொழிலதிபர் ஒருவர், தமக்குக் கணினியின் உதவியும் பிறர் உதவியும் இருந்ததாக மறுநாளே ஒப்புக்கொண்டார். பரிசோ பட்டமோ இல்லாத அறப்பணி ஆட்டத்திலேயே அந்த ஆசை எழுகிறது. நம் போட்டிகளிலோ கேடயம் உண்டு, ரொக்கம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சான்றிதழ் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிக் கணக்கில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது என்பதை அறிந்த பெற்றோர், பிள்ளை ஆரம்பப்பள்ளியில் இருக்கும்போதே கோப்பு வாங்கிச் சான்றிதழ்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் செயலியைத் திறப்பது பிள்ளையின் விரல் அல்ல என்பதையும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அண்ணனோ அப்பாவோ அதைத் திறக்கிறார்கள்.

இதனால் பாதிக்கப்படும் நேர்மையான பிள்ளைகளை நான் மறக்கவில்லை. மாதக்கணக்கில் பயின்று வந்த மாணவன் ஒருவன், யாரென்றே தெரியாத கணக்கிடம் இருபது நகர்த்தல்களில் தோற்று, தனக்குத் திறமை இல்லை என்று நம்பி விளையாட்டையே விட்டுப் போவது உண்மையான இழப்பு. ஆகவே கடுமையைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அந்தக் கடுமை சரியான ஆளின்மீது விழுகிறது என்பதற்கு உங்களிடம் உத்தரவாதம் இருக்க வேண்டும் என்கிறேன்.

என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். போட்டியின் பெயரையும் நடத்திய குழுவின் பெயரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. அவர்களைக் குற்றம் சாட்டுவது இம்மடலின் நோக்கமன்று. அவள் அடுக்குமாடி வீட்டில், பாட்டியின் திறன்பேசியில் ஆடினாள். ஐந்தாம் சுற்றில் வெள்ளைக் காய். கறுப்பு ராஜா கோட்டை கட்டி முடித்திருந்தது, காவலுக்கு நிற்க வேண்டிய குதிரை விரட்டப்பட்டிருந்தது. அவள் தன் மந்திரியை எச்7 கட்டத்துச் சிப்பாயின்மீது பலி கொடுத்து ராஜாவுக்கு முற்றுகை வைத்தாள். ராஜா மந்திரியை வெட்டியதும் குதிரையை ஜி5 கட்டத்துக்குப் பாய்ச்சினாள். பிறகு ராணியை எச்5 கட்டத்துக்குக் கொண்டுவந்தாள். மூன்று நகர்த்தல்களுக்கும் சில நொடிகளே எடுத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததும் தளத்தின் ஆய்வு அவளுடைய துல்லியத்தைத் தொண்ணூற்றுக்கு மேல் காட்டியது. நடுவே இரண்டு முறை அவள் ஆட்டத் திரையை விட்டு வெளியே போய்வந்ததாகவும் பதிவு இருந்தது.

அன்றிரவே அவள் நீக்கப்பட்டாள். அவளுடைய பெயரும் ஆட்டத்தின் திரைப்பிடிப்பும் நூற்றுக்கும் அதிகமான பெற்றோர் இருந்த புலனக் குழுவில் பகிரப்பட்டன. அவளிடமோ அவள் தாயாரிடமோ எவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு செய்திகள் தெரிந்திருக்கும். மந்திரியை எச்7இல் பலியிடும் அந்தத் தாக்குதலுக்குக் கிரேக்கப் பரிசு என்று பெயர். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தாலிய ஆட்டக்காரர் கிரேக்கோவின் குறிப்பேடுகளிலேயே அது இருக்கிறது. முந்தைய வாரம்தான் நான் அதைக் கரும்பலகையில் வரைந்து கற்றுக்கொடுத்திருந்தேன், அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் போட்ட அம்புக்குறிகளோடு அந்த மூன்று நகர்த்தல்களும் இருந்தன. மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை யாரும் நிமிடக்கணக்கில் யோசித்து ஆடமாட்டார்கள். திரையை விட்டுப் போனதற்குக் காரணம், அது பாட்டியின் தொலைபேசி என்பதால் இரண்டு முறை அழைப்பு வந்தது. அழைப்புப் பட்டியலில் அந்த நேரங்கள் அப்படியே இருந்தன. தாயார் இவற்றைத் திரட்டிக்கொண்டு குழுவை அணுகியபோது கிடைத்த பதில், தளமே சொல்லிவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பதுதான்.

தளம் எதையும் சொல்லவில்லை என்பதே உண்மை. தளம் ஓர் எண்ணைக் காட்டியது, அதற்குப் பொருள் சொன்னது மனிதர்கள். துல்லிய விழுக்காடு என்று ஆட்டத்தின் முடிவில் தோன்றும் அந்த எண், ஏமாற்றைக் கண்டுபிடிப்பதற்காக உருவாக்கப்பட்டதன்று. ஆடியவர் தம் ஆட்டத்தைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ள உதவும் பயிற்சிக் கருவி அது. எதிராளி தொடக்கத்திலேயே ராணியை இழந்துவிட்டால், அதன்பின் நல்ல நகர்த்தல்களைக் கண்டுபிடிப்பது எளிதாகி, சாதாரண ஆட்டக்காரருக்கும் அந்த எண் ஏறிவிடும். இத்தாலியத் தொடக்கத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை மனத்தில் பதித்து வைத்திருக்கும் பிள்ளை, இருபது நகர்த்தல்களில் முடியும் ஆட்டத்தின் பாதியைப் பிழையில்லாமல் ஆடியிருக்கும். நான்கே நகர்த்தல்களில் இறுதி முற்றுகை வைக்கும் ஆட்டத்துக்குத் துல்லியம் பார்ப்பதில் பொருளே இல்லை. மறுபுறம், உண்மையிலேயே சூழ்ச்சி தெரிந்தவர் ஆட்டம் முழுவதும் செயலியைப் பார்க்கமாட்டார். முடிவைத் தீர்மானிக்கும் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பார்ப்பார், அவருடைய விழுக்காடு எவர் கண்ணையும் உறுத்தாது. ஆக, இந்த எண்ணை மட்டும் நம்பும் நடுவரிடம் அப்பாவி சிக்கவும் கைதேர்ந்தவர் தப்பவும் வழி இருக்கிறது.

இதில் ஒரு கணக்கையும் உங்கள்முன் வைக்கிறேன். 200 பிள்ளைகள் 7 சுற்றுகள் ஆடும் போட்டியில் 700 ஆட்டங்கள் நடக்கும். வெள்ளை, கறுப்பு என்று இரு பக்கமும் சேர்த்தால் ஆராய வேண்டியவை 1,400. உங்களுடைய அளவுகோல் மிகச் சிறந்தது, ஆயிரத்தில் ஒரு முறைதான் நேர்மையான ஆட்டத்தைக் களவு என்று தவறாகக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும், எவருமே ஏமாற்றாத போட்டியில்கூட ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ மாட்டிக்கொள்வார்கள். ஆண்டுக்கு நான்கைந்து போட்டிகள் நடந்தால் எத்தனை பிள்ளைகள் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அளவுகோல் சுட்டிக்காட்டியதும் விசாரணை தொடங்க வேண்டும். நம் போட்டிகளில் அந்த இடத்திலேயே தண்டனை தொடங்கிவிடுகிறது.

இத்துறையில் உலகறிந்த ஆய்வாளரான பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன், தாமும் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்ற ஆட்டக்காரர். அவருடைய முறை, ஓர் ஆட்டக்காரரின் தரப்புள்ளிக்கு இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்ற அளவோடு அவர் உண்மையில் ஆடியதை ஒப்பிட்டு, வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதா என்று புள்ளியியல் வழியில் பார்க்கிறது. அதற்கு அடிப்படையாக நம்பத்தகுந்த தரப்புள்ளி வேண்டும், போதுமான அளவில் ஆட்டங்களும் வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதிகாரபூர்வத் தரப்புள்ளியே கிடையாது; இருப்பவர்களுக்கும் அது அவர்களுடைய வளர்ச்சிக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் இந்த வயதில் ஒரு பள்ளி விடுமுறைக்குள் பிள்ளையின் ஆட்டம் வேறாகிவிடுகிறது. இந்நிலையில் ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து ஆறாம் ஆண்டு மாணவிக்குத் தீர்ப்பு எழுத நமக்கு என்ன துணிவு இருக்க வேண்டும்!

அப்படியானால் எதைத்தான் சான்றாகக் கொள்வது என்று கேட்பீர்கள். பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை இதே போட்டியில் ஆடிய எல்லா ஆட்டங்களும், முன்னைய போட்டிகளின் ஆட்டங்களும் வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த நேரம் வேண்டும். நேர்மையாக ஆடுபவர் எளிய வெட்டுக்கு உடனே கை வைப்பார், சிக்கலான இடத்தில் தயங்குவார், ஆனால் செயலியைப் பார்த்து ஆடுபவர் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பல வழக்குகளில் காணலாம். அதுவும் தனியாக நின்றால் போதாது, மந்தமான இணைப்பும் அதே தோற்றத்தைத் தரக்கூடும். இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது நேர்காணலை. ஆட்டம் முடிந்த ஓரிரு நாள்களுக்குள், பெற்றோரோ பயிற்றுநரோ உடனிருக்க, இரண்டு பேர் அப்பிள்ளையோடு பலகையைப் பார்த்துப் பேசலாம். இந்த இடத்தில் ஏன் குதிரையை நகர்த்தினாய், எதிராளி இதை வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டால், தானே யோசித்து ஆடிய பிள்ளை தவறான பதிலையாவது சொல்லும். தன் திட்டம் என்ன, எதைக் கண்டு பயந்தது என்று சொல்லும். கடன் வாங்கிய நகர்த்தலுக்கு அந்த விவரம் இராது. கூச்சமுள்ள பிள்ளைக்கு நேரம் கொடுக்க வேண்டும், தமிழில் கேட்க வேண்டும், குறுக்கு விசாரணையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேர வேலை இது.

தளமே ஒரு கணக்கை மூடிவிடும் சூழலும் உண்டு. தளங்கள் தங்கள் கண்டுபிடிப்பு முறைகளை வெளியே சொல்வதில்லை. சொன்னால் அவற்றை ஏமாற்றுவோர் சுற்றிவந்துவிடுவர் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் தளம் தன் கணக்கை மூடுவது அதன் முடிவு, மாணவரைப் போட்டியிலிருந்து நீக்குவது உங்கள் முடிவு. முன்னதை வலுவான தடயமாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்டாக வேண்டிய கடமை அதனால் நீங்கிவிடாது.

பெயரை வெளியிடுவது பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சிங்க்ஃபீல்ட் கிண்ணப் போட்டியில் அமெரிக்க இளம் ஆட்டக்காரர் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற கார்ல்சன், மறுநாள் போட்டியிலிருந்து விலகினார். முதலில் அவர் நேரடியாக எதையும் சொல்லவில்லை. ஒரு குறிப்பு மட்டும் போட்டார். அந்தக் குறிப்பிலிருந்து உலகமே தீர்ப்பு எழுதியது. தாம் 12 வயதிலும் 16 வயதிலும் இயங்கலையில் ஏமாற்றியதுண்டு என்று நீமன் ஒப்புக்கொண்டார்; அதைவிட மிக அதிகமான ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும் என்று செஸ்.காம் என்ற இயங்கலைச் சதுரங்கத் தளம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. வழக்கு நீதிமன்றம்வரை போய், 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. கார்ல்சனோடு நேருக்கு நேர் ஆடிய அந்த ஆட்டத்தில் களவு நடந்ததற்கு அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே சான்று எதையும் காணவில்லை. தகுந்த காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்கு 2023 டிசம்பரில் 10,000 யூரோ அபராதம் விதித்தது. வளர்ந்த ஆட்டக்காரர்கள், வழக்குரைஞர்கள், அனைத்துலக அமைப்பு என்று எல்லாம் இருந்தும் ஓராண்டுக்கு மேல் இழுத்த விவகாரம் அது. நம் பிள்ளைக்கு வழக்குரைஞர் இல்லை. திங்கட்கிழமை காலை பள்ளிச் சபைகூடலில் அதே பெற்றோரின் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆகவே, விசாரணை முடியும்வரை பெயர் எந்தக் குழுவிலும் வெளியாகக் கூடாது. முடிந்த பின்னும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராயின், பெயரைச் சொல்லாமல் முடிவுப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டால் போதும். 12 வயதில் ஒரு பிள்ளை செய்த தவறு 20 வயதிலும் அதைத் துரத்த வேண்டியதில்லை. குற்றம் உறுதியானால் தண்டனை இருக்கட்டும். அப்போட்டியின் புள்ளிகள் பறிக்கப்படட்டும், இத்தனை மாதங்களுக்கு உங்கள் போட்டிகளில் இடமில்லை என்று காலவரையறை எழுதப்படட்டும், அதன்பின் திரும்பிவரும் வழியும் அதே தாளில் எழுதப்படட்டும். பக்கத்திலிருந்து உதவியவர் பெற்றோர் என்று தெரிந்தால் அதைப் பெற்றோரிடமே நேரில் சொல்லும் துணிவும் குழுவுக்கு வேண்டும்.

இணைப்புத் துண்டிப்பைப் பற்றியும் விதி பேச வேண்டும். நம் வட்டாரத்தில் பிற்பகல் மழை இடியோடு வந்தால் எத்தனை வீடுகளில் இணையம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்டில் ஃபிடே நடத்திய முதல் இயங்கலை ஒலிம்பியாட்டில், காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய அர்மீனிய ஆட்டக்காரர் ஒருவர் இணைப்பு அறுந்து தோற்றார். முறையீடு நிராகரிக்கப்பட்டது, அர்மீனியா தொடர்ந்து ஆட மறுத்து வெளியேறியது. சில நாள் கழித்து இறுதி ஆட்டத்தில், இணையச் சேவையில் உலகளவில் ஏற்பட்ட கோளாறால் இந்தியாவின் நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரம் தீர்ந்து தோற்றபோது, இந்தியாவின் முறையீட்டுக்குப் பின் ரஷ்யாவும் இந்தியாவும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டும் ஒரே தன்மையவை அல்ல. பின்னது பலரையும் பாதித்த பொதுக் கோளாறு. ஆனாலும் இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் பலருக்கு நெஞ்சில் முள் தைத்தது, ஏனெனில் பொதுக் கோளாறு நேர்ந்தால் என்ன செய்வது என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. தன் வீட்டு இணைப்புக்குத் தானே பொறுப்பு, பொதுக் கோளாறு உறுதியானால் அச்சுற்று மறுபடி ஆடப்படும் என்று இரண்டு வாக்கியம் எழுதிவிட்டால் நம்மிடையே அந்தச் சச்சரவு வராது.

தடுப்பு முறைகளில் எனக்கு ஒரு கவலை உண்டு. இரண்டு கருவிகள் வேண்டும், ஒன்றில் ஆட வேண்டும், மற்றொன்றின் படக்கருவி பக்கவாட்டிலிருந்து மேசையையும் திரையையும் காட்ட வேண்டும் என்ற விதி நல்ல விதிதான், அனைத்துலகப் போட்டிகளிலும் இருக்கிறது. ஆனால் அப்பா வேலைக்குப் போகும்போது வீட்டின் ஒரே நல்ல திறன்பேசியும் அவரோடு போய்விடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அப்பிள்ளைகளை விதி வாசலிலேயே நிறுத்திவிடும். அதோடு, வீட்டின் உட்புறமும் தூங்கும் தம்பியும் பதிவாகும் அந்தக் காணொளிகளை யார் வைத்திருக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று எந்தக் குழுவும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது என்பதால் தொண்டூழியக் குழுக்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் போகலாம். அதன் நெறியை நாமாகவே ஏற்றுக்கொள்ளலாம் அல்லவா?

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, ஃபிடே தன் இயங்கலை விதிமுறைகளில் இடம் கொடுத்திருக்கும் கலப்பு முறை. ஆட்டம் இணையத்தில் நடக்கும், ஆடுபவர்களோ நடுவரின் கண்முன் ஓர் இடத்தில் அமர்ந்திருப்பார்கள். தொடக்கச் சுற்றுகள் வீட்டிலிருந்தே நடக்கட்டும்; முதல் இருபது இடங்களுக்கு வருபவர்கள் மட்டும் இறுதிச் சுற்றுகளுக்குத் தத்தம் வட்டாரத்துப் பள்ளியின் கணினி அறைக்கு வரட்டும், வேறு பள்ளியின் ஆசிரியர் மேற்பார்வையிடட்டும். செந்தூல், கிள்ளான், காஜாங் என்று மூன்று இடங்கள் போதும். டான்ஸ்ரீ சோமா அரங்கத்திலோ தோட்ட மாளிகையிலோ பரிசளிப்பு விழா எடுக்க நாம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இதற்குத் தாராளமாகப் போதுமானது, விழாவைச் சற்றுச் சிறியதாக்கினாலும் குறையில்லை. முழுக்க முழுக்க இணையத்திலேயே வளர்ந்த விளையாட்டுகள்கூட இறுதியில் ஒரே கூரையின்கீழ் வந்துதான் முடிவு காண்கின்றன. 2018 நவம்பரில் டோத்தா 2 கோலாலம்பூர் மேஜர் போட்டியும், 2019 நவம்பரில் மொபைல் லெஜண்ட்ஸ் முதல் உலக வாகையர் போட்டியும் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில், பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்தவை.

வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகநூலில் தமிழ் வருணனையோடு நேரலை ஒளிபரப்புவது அருமையான முயற்சி, ஆனால் அதைப் பதினைந்து நிமிடமாவது தாமதித்து ஒளிபரப்புங்கள். வருணனையாளரின் திரையில் செயலியின் கணிப்பு தெரிவதை வீட்டில் எவரும் பார்த்துச் சொல்ல முடியும். அடுத்து, கடைசிச் சுற்று முடிந்த இரவே வெற்றியாளரை உறுதிப்படுத்தாமல், ஒரு வாரத்துக்குத் தற்காலிக முடிவு என்று அறிவியுங்கள். இயங்கலைக் குழுப் போட்டியான புரோ செஸ் லீக்கின் 2020 இறுதி ஆட்டத்தில் வென்ற அர்மீனியக் குழு சில நாள்களில் நியாய விளையாட்டு விதிகளின்படி தகுதி நீக்கப்பட்டு, பட்டம் செயின்ட் லூயிஸ் குழுவுக்குப் போனது. கொடுத்த கேடயத்தைப் பிள்ளையின் கையிலிருந்து திரும்ப வாங்கும் நிலை நமக்கு வர வேண்டாம்.

அடுத்த போட்டியின் பதிவு தொடங்குவதற்கு முன் விதிகளின் வரைவைத் தமிழிலும் மலாயிலும் வெளியிட்டு, பெற்றோரும் பயிற்றுநர்களும் படித்துக் கருத்துச் சொல்ல இரண்டு வாரங்கள் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கென்று, போட்டியை நடத்துவதில் பங்கில்லாத மூவரை நியமியுங்கள். அவர்களில் ஒருவர் பயிற்சி பெற்ற சதுரங்க நடுவராகவும், ஒருவர் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியராகவும் இருக்கட்டும். வரைவை எழுதும் பணியிலும், என் மாணவர்கள் சம்பந்தப்படாத புகார்களில் ஆட்டங்களை உட்கார்ந்து ஆராயும் பணியிலும் என் வார இறுதிகளைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். வட்டாரத்தில் என்னைப் போன்ற பயிற்றுநர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

உங்கள் மறுமொழியை எதிர்பார்க்கும்,

தமிழ்ப்பள்ளி மாணவர்களின் சதுரங்கப் பயிற்றுநர் ஒருவர்
செந்தூல், கோலாலம்பூர்